சுவிஃப்ற்றின் ‘பணிவான யோசனை’யும் வகுப்பறை அங்கதமும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புக்களிலே, அங்கதம் பயிலும் மாணவர்க்கு நெடுங்காலமாகப் பாடமாக வைக்கப்பட்டு வருவது யோனதன் சுவிஃப்ற் 1729இல் வெளியிட்ட ‘ஒரு பணிவான யோசனை’ என்னும் சிறு பிரசுரமாகும். சில பக்கங்களே கொண்டதாகலின், விடுமுறைக்கு முந்திய நாட்களில் முடித்துவிடுதற்கும் அது வசதியானது. மாணவர் முதலில் திடுக்கிடுவர், பின்னர் நகைப்பர், ஈற்றில், ‘ஆசிரியன் கூறியதற்கு எதிர்மறையே அவன் கருத்து’ என்னும் சூத்திரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீடு செல்வர். அச்சூத்திரம் இந்நூலுக்கு எத்துணை பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

யோசனை கூறுவோன் கணக்கிற் கைதேர்ந்தவன். பிள்ளைபெறும் தம்பதியர் 2,00,000 என்பான். பிள்ளைகளைப் பேண வல்ல 30,000 பேரைக் கழிப்பான். கருச்சிதைவுக்கும் நோய்க்குமாக இன்னும் 50,000 கழிப்பான். எஞ்சும் 1,20,000 ஏழைக் குழந்தைகளில் 20,000ஐ இனவிருத்திக்கென நிறுத்தி, ஏனையோரை ஒரு வயதில் உணவாக விற்கலாம் என்பான். வளர்ப்புச் செலவு இரண்டு சிலிங். விலை பத்துச் சிலிங். தாய்க்கு இலாபம் எட்டுச் சிலிங். இதன் எதிர்மறை, ‘குழந்தைகளை உண்ணற்க’ என்பதே. அவ்வறிவுரை டப்ளின் நகரில் எவர்க்குத் தேவைப்பட்டது?

சுவிஃப்ற் தாக்கியது யோசனையை அன்று. அதனைக் கூறும் குரலையே. மக்களை எண்ணி, விலையிட்டு, நாட்டின் செல்வமாகக் கணக்கெழுதும் ‘அரசியற் கணிதம்’ வில்லியம் பெற்றி முதலியோரால் முந்திய நூற்றாண்டிலேயே வளர்க்கப்பட்டிருந்தது. பிச்சையெடுக்கும் தாய்மாரைக் கண்டு இரங்கும் தொடக்கப் பகுதியில், வாசகன் மறுப்பின்றி அக்குரலோடு உடன்படுகின்றான். கொலை வெளிப்படும்போது கணக்கு முறை சிறிதும் மாறவில்லை, உடன்பட்டவனே அகப்பட்டுக்கொள்கின்றான்.

சூத்திரம் பொருந்தும் இடமும் ஒன்றுண்டு. உள்நாட்டுப் பொருள்களையே வாங்குதல், அயர்லாந்தை விட்டு வெளியே வாழும் நிலக்கிழார்மேல் வரி விதித்தல் போன்ற வழிகளை, ‘இவை பற்றி எவரும் என்னிடம் பேச வேண்டா’ என யோசனைகாரன் தள்ளிவிடுகின்றான். அவையே சுவிஃப்ற் உண்மையில் வேண்டியவை. உள்நாட்டு உற்பத்தியை ஆதரித்து அவர் 1720இல் எழுதிய பிரசுரத்தின் அச்சகத்தார்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1724இல் வுட் என்பாரின் செப்புக் காசுகளுக்கு எதிராக அவர் எழுதிய கடிதங்கள் மட்டுமே வெற்றி கண்டன. பின்வந்த ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் பரவிற்று. நகைப்பினூடே இங்கு ஒலிப்பது சலிப்பு.

ஆயின், இரவலர்பால் யோசனைகாரன் காட்டும் வெறுப்பையும் அவ்வாறே தலைகீழாக்கிவிடலாமோ? 1737இல், டப்ளின் இரவலர்க்குப் பட்டயம் அணிவிக்க வேண்டுமென விளையாட்டின்றி எழுதிய சுவிஃப்ற், அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்தே பேசுகின்றார். தாம் பழிக்கும் குரலிற் சிறு பகுதி அவருடையதே. வகுப்பறைகள் பெரிதும் விட்டுவிடும் இச்செய்தியே நூலின் ஆழத்தைக் காட்டுவது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக்குவர். ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழும் புறப்பாட்டிற் பழி கரந்திருப்பினும், பேசுபவர் ஔவையாரே. சுவிஃப்ற்றிடத்திற் கரந்திருப்பது பழி மட்டுமன்று, பேசுவோனும் ஆவான். இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவன் எளிதில் உணர்வான்.

விடுமுறைக்கு அளிக்கப்படும் பயிற்சியும் வழக்கமானதே: ‘நீயும் ஒரு பணிவான யோசனை எழுதுக.’ வருவன பரீட்சையை ஒழித்தல் முதலிய வெறும் மிகைகள். அதனினும் பயனுடையது, தம் காலத்து அரசாங்க அறிக்கை ஒன்றை எடுத்து, எந்த வாக்கியம் வரையில் தாம் தலையசைத்தனர் என்று மாணவரைக் கோடிடச் செய்வதாகும்.