ஏழு அடுக்கும் ஒரு தபால்காரரும்

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1984-இல் வெளியிட்ட ஏழு அடுக்கு மாதிரியை எடுத்து, 1786-இல் சென்னப்பட்டணத்தில் ஏற்பட்ட கும்பினித் தபாலின்மேல் போர்த்தி, ஈட்டியும் சலங்கையுமாக ஓடிய தபால் ஓட்டக்காரனைப் பௌதிக அடுக்கென்றும், பை கட்டுகிறவனை அதற்கு மேலடுக்கென்றும் மயிலாப்பூர்ப் பிரசங்கமொன்றில் ஓர் அன்பர் விஸ்தரித்தபோது, சபையார் கரகோஷம் செய்தார்கள்; எனக்கோ, பேரனுடைய ஜாதகத்தை வைத்துப் பாட்டனாருக்குப் பலன் சொல்வதாகத் தோன்றிற்று.

உபமானம் முழுப் பொய்யல்ல. உறைக்குள் கடிதமும், கட்டுக்குள் உறையும், பைக்குள் கட்டும் அடங்குகின்றன. ரயில் தபால் வண்டியில் பிரித்தவர் மேல்விலாசத்துக்கு அப்பால் எதையும் நோக்கியதில்லை. 1854-இல் இலேசான கடிதத்துக்குத் தூரம் எதுவானாலும் அரையணா என்று விதித்ததில், ஓர் அடுக்கின் கவலை மற்றதற்கு வேண்டாம் என்ற அடுக்குத் தத்துவத்தின் சாயல் உண்டு. ஒப்புகைச் சீட்டையும் அன்பர் இதில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அடுக்கு முறையின் ஜீவநாடி, கீழடுக்கு மேலடுக்கின் விஷயத்தை அறியலாகாது என்பதே. அந்த நிபந்தனை நம் தபாலில் என்றைக்கு நின்றது? கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது, உள்ளிருக்கும் சேதியை வெளியிலேயே அறிவிக்கத்தானே? கார்டு என்பதோ உறையே இல்லாத கடிதம். 1880-இல் வந்த மணியார்டரில், கொடுத்த ரூபாய் பிரயாணம் செய்ததேயில்லை; ஃபாரம் மட்டும் போயிற்று; அங்கே தபால்காரரே பணத்தை எண்ணிக் கொடுத்து, கூப்பனில் எழுதிய நாலு வரியைப் படித்துச் சொல்லி, கைநாட்டும் வாங்கினார். இவரை எந்த அடுக்கில் உட்கார்த்துவது? எல்லா அடுக்கிலும் இருக்கிறார் என்று அன்பர் சமாதானம் சொல்லக்கூடும். எல்லா அடுக்கிலும் ஒருவரே இருந்தால் பிறகு அடுக்கு எதற்கு?

சித்திரக்குளத்தருகே நாங்கள் குடியிருந்த காலத்தில், காலையும் மாலையும் சைக்கிளில் வரும் தபால்காரர், மற்ற நாளெல்லாம் கடிதத்தை ரேழிக்குள் வீசிவிட்டு மணியடித்துப் போகிறவர், ஒருநாள் மட்டும் வண்டியைச் சுவரில் சாய்த்து, வாசற்படி ஏறாமல், “பெரியவரைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்லுங்கம்மா” என்றார். தாத்தா வந்ததும் கார்டைக் கையில் கொடுக்காமல், தாமே மெதுவாகப் படித்தார். கும்பகோணத்தில் அத்தைப் பாட்டி காலமாகிவிட்டாள். சாவுக் கார்டு வீட்டுக்குள் வரலாகாது என்பது அவருக்குத் தெரியும். தாத்தாவுக்குக் கண் மங்கல் என்பதும் தெரியும். இவ்விரண்டையும் எந்த மேல்விலாசமும் அவருக்குச் சொல்லவில்லை. இதைப் பிசகு என்று ஒதுக்கும் மாதிரியில், தபாலின் பாதி ஒதுங்கிவிடுகிறது என்பது என் நெடுநாளைய ஆக்ஷேபணை. சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன் என்றாலும் குறைத்துக்கொள்வதாக இல்லை.

தாத்தா அங்கேயே அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்நானத்துக்குப் போனார். தபால்காரரோ, அடுத்த தெருவில் பெரியப்பா வீட்டுக்கு அன்று தபால் ஒன்றுமில்லாதிருந்தும், அங்கே போய்ச் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சக் கடிதங்களைக் கொடுக்கப் புறப்பட்டார்.