நுரையில் ஏறும் பொன்

நீரைவிட 19 மடங்கு கனமான பொன்னை, காற்றுக் குமிழிகளைக் கொண்டே மேலே ஏற்றிவிடும் அழகிய தொழில்நுட்பம் நுரை மிதப்பு முறை. பல சுரங்கங்களில் பொன் தனித் துகளாகக் கிடைப்பதில்லை. பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற சல்பைடுத் தாதுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகப் பொதிந்திருக்கும். பொன்னைக் கரைக்கும் சயனைடுக் கரைசல் அதை எட்டாது. டன்னுக்குச் சில கிராம் பொன்னுக்காகப் பாறை முழுவதையும் பக்குவப்படுத்துவதும் கட்டுப்படியாகாது. எனவே பொன்னைச் சுமக்கும் சல்பைடை மட்டும் மிதக்கவிட்டுப் பிரிக்கிறார்கள்.

முதல் வேலை அரைவை. சுழலும் ஆலையில் இரும்புக் குண்டுகள் பாறையை 0.1 மி.மீ.க்கும் நுண்ணிய பொடியாக்குகின்றன. பொடி கரடாக இருந்தால் சல்பைடு கல்லை விட்டுப் பிரியாது. மிதமிஞ்சி நைந்தால் சேறாகிக் குமிழியில் ஒட்டாது. இந்தப் பதம் பிடிப்பதில்தான் பாதி வெற்றி.

பொடியை நீரில் கலந்த தாதுக்கூழில் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் சல்பைடின் மேற்பரப்பு மருந்தை ஏற்கத் தயாராகிறது. அடுத்து, 1925இல் கெல்லர் என்பவர் காப்புரிமை பெற்ற சாந்தேட் என்னும் மருந்தைச் சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறின் ஒரு முனை சல்பைடைப் பற்றிக்கொள்ள, மறுமுனை நீரை விலக்குகிறது. பைன் எண்ணெய் குமிழிகளை உடையாமல் காக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தியதும் சல்பைடுத் துகள்கள் குமிழிகளைத் தொற்றிக்கொண்டு மேலேறுகின்றன. நனைந்த குவார்ட்ஸ் கல் அடியிலேயே தங்குகிறது.

தேர்ந்த தொழிலாளி நுரையைப் பார்த்தே தொட்டியின் நிலையைச் சொல்லிவிடுவார். துகள் நிறைந்த நுரை உலோகப் பளபளப்போடு கனத்து, மெல்லப் புரண்டு விளிம்பைத் தாண்டும். குமிழிகள் கண்ணாடி போலத் தெளிந்து வெளுத்தால் சரக்கு தீர்ந்துவிட்டது. நுரை பொடிக் குமிழிகளாக விறைத்துப் பொங்கினால் பைன் எண்ணெய் கூடிவிட்டது. உடனே மருந்து, காற்று, கூழ் மட்டம் மூன்றையும் சிறிது சிறிதாகத் திருத்துவார். அந்தக் கண்ணும் கையும்தான் இத்தொழிலின் கலை.

வழித்தெடுத்த நுரையை மீண்டும் மிதக்கவிட்டுத் தூய்மையாக்குகிறார்கள். எடை குறைந்து பொன்னின் செறிவு பல மடங்கு ஏறுகிறது. சல்பைடின் பூட்டைத் திறக்கச் சில ஆலைகள் அதை வறுக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் அருகே, ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்கின்றன: ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்தில், அமிலக் கூழில், இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து பொன்னை வெளிப்படுத்துகின்றன. அதன்பின் சயனைடு பொன்னைக் கரைக்கிறது. செயலூட்டிய கரி அதை ஈர்த்துக்கொள்கிறது. கரியிலிருந்து மீட்ட பொன் உலையில் உருகிக் கட்டியாகிறது.