கத்தரிக்குப் பின் வரும் சிவப்பு

மழை ஐந்தரை மணி வாக்கில் விட்டு, பூச்சோங் பக்கமிருந்து வெயில் சாய்வாக அடிக்கும்போது எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு காட்சி உண்டு. ஒட்டி ஒட்டி நிற்கும் தொடர்வீடுகள். கேட்டுக்குப் பக்கத்தில் ஆளை விடச் சற்றே உயரமாக ஒரு பச்சைத் தூண். சில வீடுகளில் இரண்டு. அந்தத் தூணின் மேல்தோல் மட்டும் சிவந்திருக்கும். வெயில் முகத்தில் பட்டால் செம்பு, முதுகுப்புறமிருந்து ஊடுருவினால் கெம்பு. பத்து நிமிடந்தான். வெயில் இறங்கியதும் அது மறுபடி வேலியோரச் செடியாகிவிடும்.

மலாயில் இதற்குப் பெயர் கெலாட் பாயா. கெலாட் என்றால் துவர்ப்பு, பாயா என்றால் சதுப்பு. நர்சரிக்காரர்களைக் கேட்டால் யூஜினியா என்பார்கள். சவாய் நாட்டு இளவரசர் யூஜினின் பெயரால் வந்த பழைய தாவரப் பெயர் அது. தாவரவியலார் இதை எப்போதோ சிசீஜியம் என்ற இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரிப் பலகைகள் மாறவில்லை. புதுப்பெயரில் ஒரு நயம் இருக்கிறது. இணைந்தவை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்பதைப் பார்த்து வைத்தது. நம் ஊர் நாவல், அஞ்சறைப் பெட்டிக் கிராம்பு, இங்கே பழக்கடையில் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் ஜம்பு, எல்லாம் இதன் பங்காளிகள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளையை நாம் பழத்துக்காக வளர்ப்பதில்லை, வாசனைக்காகவும் வளர்ப்பதில்லை. ஒல்லியாக நிற்பதற்காக வளர்க்கிறோம்.

அதற்குக் காரணம் இடந்தான். இருபது, இருபத்திரண்டு அடி அகல வீட்டில் காருக்குப் போக மிச்சம் கிடைப்பது மதிலோரம் இரண்டடி மண். கெம்பாங் என்ற மலாய்ச் சொல்லுக்கு மலர்தல், விரிதல் என்று பொருள். அந்தச் சொல்லை ஸ்ரீ கெம்பாங்கான் என்ற எங்கள் ஊர்ப்பெயரில் வைத்துக்கொண்டு நாங்கள் விரிய இடமில்லாமல் மேலே மேலே போகிறோம், மரம் உட்பட. மண்ணும் லேசுப்பட்டதல்ல. பக்கத்தில் இப்போது ஏரியும் ஹோட்டலுமாக இருக்கும் மைன்ஸ், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய பள்ளம். ஈயம் அலசிய மணல் விழுந்த இடங்களில் ஊற்றிய தண்ணீரும் நிற்காது, போட்ட உரமும் தங்காது. மூன்றடிக்குக் குழி வெட்டிச் செம்மண்ணும் மக்கும் கொட்டித்தான் இங்கே நட வேண்டும். இத்தனைக்கும் 1931இலேயே விவசாயப் பள்ளி வந்த வட்டாரம் இது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்று புத்ரா பல்கலைக்கழகமாக நிற்கிறது.

தூண் மரம் என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெட்டிலிங்கம் நினைவுக்கு வரும். பள்ளிக்கூட மதில், கலெக்டர் ஆபீஸ் வாசல், கல்யாண மண்டபம். இங்கேயும் அதற்குப் பஞ்சமில்லை. அசோகா என்று தவறான பெயரில் விற்கிறார்கள். நெட்டிலிங்கம் பிறவியிலேயே ஒல்லி. கிளைகள் கீழ்நோக்கித் தொங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கத்தரி தேவையில்லை. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அதில் ரசிக்க எனக்கு அதிகம் இல்லை. இயல்பே அப்படி என்னும்போது அங்கே கைக்கு என்ன வேலை? சீனர் வீடுகளில் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிப்பர் வேறு ரகம். அழகுதான், ஆனால் எப்போதும் ஒரே முகம். தாஜ்மகால் நீரோடையின் இருபக்கமும் நிற்கும் சைப்ரஸ் போல வேண்டும் என்று ஆசைப்பட்டு இத்தாலிய சைப்ரஸ் வாங்கி நட்டவர்களை எனக்குத் தெரியும். ஆண்டுக்கு இரண்டாயிரத்தைந்நூறு மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊரில், வறண்ட கோடையில் பழகிய அந்த மரத்தின் வேர் அழுகாமல் என்ன செய்யும்? நட்டவர்களில் நானும் ஒருவன்.

கெலாட் பாயா பிறவித் தூண் அல்ல. விட்டால் நெடிதுயர்ந்த காட்டு மரம். அதைத் தூணாக நிறுத்துவது கவ்வாத்து. தேயிலைத் தோட்டத்து வார்த்தையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நுனியை வெட்டினால் பக்கத்து மொட்டுகள் விழிக்கும், ஒன்று நின்ற இடத்தில் இரண்டு வரும் என்பது தேயிலைக்கும் இதற்கும் பொது. வித்தியாசம், அங்கே கொழுந்தைக் கிள்ளி எடுத்துப் போகிறார்கள், இங்கே கொழுந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வெட்டிய இரண்டு மூன்று வாரத்தில் அத்தனை நுனியிலும் ஒரே நேரத்தில் தளிர் வரும். முதலில் பளபளவென்று ரத்தச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு தேன் நிறம், வெளிர்பச்சை, கடைசியில் கரும்பச்சை. இளம் இலையில் பச்சையம் சேரத் தாமதமாகும். அதுவரை செந்நிறமிதான் கண்ணுக்குத் தெரியும். கடும் வெயிலிலிருந்து இளந்தளிரைக் காக்கும் குடை அது என்கிறார்கள்.

தமிழில் மாந்தளிர் நிறம் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. பெண்ணின் மேனிக்கு மாமை என்று பெயர் வைத்து, அதை மாந்தளிரோடு ஒப்பிட்டுப் பார்த்த கண் நம்முடையது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுக்கு வயது தனிச்சொல் வைத்திருக்கிறோம். ஆனால் மரத்தை உருவமாக வெட்டி ரசிக்கும் பழக்கம் நம் வீட்டு வாசலில் பெரிதாக இருந்ததில்லை; நமக்குப் பந்தலும் துளசி மாடமுந்தான். ஆக, வடிவம் வெளியிலிருந்து வந்தது, நிறத்தைப் பார்க்கும் கண் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. இந்தச் செடியின் உயிர் அதன் தளிரில் இருக்கிறது, நேராக நிற்பதில் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான். தூண் என்பது தளிரைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு, குத்துவிளக்கின் தண்டு மாதிரி.

விளக்கைச் சொன்னதும் வடிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல தூணின் அடி கொஞ்சம் அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு போதும். அது இல்லாமல் தலை பருத்தால் அடி இலைக்கு வெயில் கிடைக்காது. ஒரு வருஷத்தில் கால் மொட்டையாகிவிடும். மொட்டைக்கால் தூண் நிறைய பார்க்கிறேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது போல. குத்தகை ஆட்கள் மோட்டார் கத்தரியால் கீழிருந்து மேல் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுப் போவதன் பலன். இலைகள் பாதியில் அறுந்து விளிம்பு கருகிப் போவது தனிக் கதை. கைக்கத்தரியால் ஒவ்வொரு கிளையாக, இணை இலைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஒரு தூணுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். பந்து மேல் பந்தாக அடுக்கி வெட்டுகிறார்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகையும் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே. ஜூனில் வெயில் வடக்கு முகத்தில், டிசம்பரில் தெற்கு முகத்தில். வருஷம் முடிவதற்குள் தூணின் நாலு பக்கமும் பங்கு வாங்கிவிடும். சென்னையில் தெற்குப் பக்கந்தான் பெரும்பங்கைச் சாப்பிடும். இங்கே சுற்றிலும் ஒரே அடர்த்தியாக ஒரு தூணை நிறுத்த முடிகிறதென்றால் அதில் பாதிப் புகழ் சூரியனுக்கு.

எங்கள் வீட்டு இரண்டு தூண்களும் சுங்கை பூலோ நர்சரி வரிசையில் வாங்கியவை. அடிக் கணக்கில் விலை. அந்த நர்சரிகளின் கதையைத் தெரிந்துகொண்டால் செடியைக் கொஞ்சம் மெதுவாகத் தூக்கத் தோன்றும். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இருந்த இடம் அது. தோட்ட நகரம் போலத் திட்டமிட்டுக் கட்டியது. நோய் என்றதும் வீட்டையும் ஊரையும் விட்டுப் பிரித்துக் கொண்டுவரப்பட்ட சீனர், தமிழர், மலாய்க்காரர் அங்கே வாழ்ந்தார்கள். மருந்து வந்து குணமான பிறகும் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அங்கேயே செடி வளர்த்து விற்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளின் வாசல் பச்சையில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்து வந்தது.

அப்பா பால்மரம் சீவிய ஆள். முதல் தடவை நான் கத்தரியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, “என்னடா இது, வளக்கவும் வளக்குற, வெட்டவும் வெட்டுற?” என்றார். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவி, உள்தோலில் காயம் படாமல் பால் எடுத்த கை சும்மா இருக்குமா? மூன்றாவது வாரம் கத்தரியை வாங்கிக்கொண்டார். “ஈரத்துல கத்தி வெக்காத. காயட்டும்.” ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் மரம் சீவ மாட்டார்கள், அதே சட்டத்தை இங்கேயும் அமல்படுத்தினார். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு வெட்டினால் அன்றைக்குச் சிவப்பு உச்சத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டவரும் அவர்தான்.

அதே கணக்கைப் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் தம் புத்தாண்டுக்குப் போட்டு வைத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் அக்டோபரில் சிவக்கும், அந்தப் பக்கம் பிப்ரவரியில். அவரும் அப்பாவும் கலப்பு மலாயில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வது கத்தரிக்கு எண்ணெய் போடுவது பற்றித்தான்.

ஒரு வருஷம் அந்தச் சீனப் பெரியவர் வலப்பக்கத் தூணை வெட்டி முடித்துவிட்டு இடப்பக்கத்துக்கு வந்தவர் கத்தரியை இறக்கிவிட்டார். உள்ளே மார்பளவு உயரத்தில் ஒரு கிண்ணக் கூடு. வாலடியில் மஞ்சள் பூசிய சின்னான் குருவி, இரண்டு முட்டை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கிளையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்கள். புத்தாண்டன்று அவர் வாசலில் ஒரு தூண் சிவப்பாகவும் ஒன்று கரும்பச்சையாகவும் நின்றது. பச்சைத் தூணில், கூடு இருந்த உயரத்தை விட்டுவிட்டு, மேலே மட்டும் சிவப்பு ஆங்பாவ் உறைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.