கடைசி ரயிலும் தனி ஆவர்த்தனமும்

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் எழுந்து போகிறவர்களைக் கண்டித்து எழுதாத சங்கீத விமரிசகர் கிடையாது. மார்கழி பிறந்தால் இந்தக் கண்டனமும் பத்திரிகைகளில் பிறந்துவிடும். மிருதங்க வித்துவானின் மனம் புண்படாதா, லயத்தை ரசிக்கத் தெரியாதவர்கள் கச்சேரிக்கு ஏன் வர வேண்டும், சிற்றுண்டிச் சாலை ஓடியா போய்விடும் என்றெல்லாம் கேட்பார்கள். எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் இந்தக் கேள்விகள் நியாயமானவைதாம். அடையும் அவியலும் போடும் ஆவர்த்தனத்துக்கு முன்னால் எந்த மிருதங்கமும் நிற்க முடியாது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு ஜாதி மனிதர்களும் உண்டு. அவர்கள் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் திரும்புவதே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நேரே வாசலுக்கு நடக்கிறார்கள். நடக்கும்போதே விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போக வேண்டியவர்கள். அவர்கள் சார்பில் வக்காலத்து வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கச்சேரி மாலை 7 மணிக்கு ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் முடிந்து, நாலைந்து கீர்த்தனைகள் ஆகி, பெரிய ராகத்தை வித்துவான் நிதானமாக ஆலாபனை செய்து, கீர்த்தனையும் நிரவலும் ஸ்வரமும் பாடி, மிருதங்கத்துக்கு வழி விடும்போது மணி எட்டரையைத் தாண்டிவிடும். அதன் பிறகு மியூசிக் அகாடமியிலிருந்து புறப்பட்டு, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், அப்புறந்தான் ஆவடி. தூரம் 20 கிலோமீட்டருக்கு மேல். இறங்கிய பிறகு பஸ்ஸையோ ஆட்டோவையோ தேட வேண்டும். பூந்தமல்லிக்காரருக்கு இந்த ரயிலும் இல்லை. மறுநாள் காலையில் இவர்களில் பலர் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு வேலையில் இருக்க வேண்டும்.

பகலிலும் கச்சேரி நடக்கிறதே, இளம் வித்துவான்கள் நடுப்பகலில் அருமையாகப் பாடுகிறார்களே, அதற்கு டிக்கெட்டுக்கூட வேண்டாமே என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் நடுப்பகலில் சாவகாசமாக உட்கார்ந்து தோடி கேட்கும் பாக்கியம் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கே கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் வெறும் போக்குவரத்துப் புகார் என்று நேயர்கள் தள்ளிவிடக் கூடாது. விஷயம் கலையின் உள்ளே போய்த் தொடுகிறது. ஒவ்வொரு கலையும், தன்னை அனுபவிக்க வந்தவன் எப்படி வீடு திரும்புவான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே தன் நீளத்தை அமைத்துக்கொள்கிறது என்பது என் கட்சி.

கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சாஸ்திரத்தில் விதித்த விஷயம் அல்ல. கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் ஜமீன் மாளிகைகளிலும் ஒரு ராகத்தையே வித்துவான்கள் மணிக்கணக்கில் பாடிய காலம் இருந்தது. கேட்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அல்லது அங்கேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும் விருந்தாளிகள். பட்டணத்தில் சபைகள் ஏற்பட்டு டிக்கெட் வந்ததும் நிலைமை மாறியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) சுறுசுறுப்பான ஒரு பத்ததியை அமைத்துக் கொடுத்தார். வர்ணம், பல கீர்த்தனைகள், அளவான ஆலாபனை, தனி, கடைசியில் துக்கடாக்கள். அதன் சங்கீத அழகைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதன் உலகியல் ஞானத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. ஆபீஸ் முடிந்து வந்த ஒரு மயிலாப்பூர்க்காரரோ திருவல்லிக்கேணிக்காரரோ மங்களம் வரை இருந்து கேட்டுவிட்டு, நடந்தோ டிராமிலோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ரசிகருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

டிராம் வண்டிகள் 1953-ல் நின்றுவிட்டன. ரசிகர்களும் அங்கேயே நிற்கவில்லை. வீட்டு வாடகை அவர்களைத் துரத்த, ரயில் பாதையோடு மேற்கே போய்விட்டார்கள். கச்சேரி மாத்திரம் பழைய மயிலாப்பூர்க்காரரை நினைத்துக்கொண்டே நடக்கிறது.

இதற்கு நேர் எதிரானது தெருக்கூத்து. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஒரு காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதி கூத்துக்குப் பேர் போன சீமை. ராச் சாப்பாடு ஆன பிறகு கூத்து ஆரம்பமாகும், விடியும்போது முடியும். நாகரிகம் தெரிந்தவர்கள், "என்ன ஐயா இது, ஒரு கதையைச் சொல்ல ஓர் இரவா?" என்று சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால், இரவில் பஸ் இல்லாத ஊரில் நாலு மைல் நடந்து வந்தவனுக்கு நடு நிசியில் முடியும் நாடகம் பெரிய தண்டனை. குழந்தைகளோடு வந்தவள் இருட்டில் எங்கே போவாள்? கூத்து அவர்களை விடியும் வரை தன் வெளிச்சத்தில் உட்கார வைத்து, சூரியன் கிளம்பியதும் பத்திரமாக அனுப்பி வைத்தது.

அந்த நீண்ட இரவுக்குத் தகுந்தபடியே கூத்தின் அங்கங்கள் அமைந்திருக்கின்றன. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு வேஷக்காரர் தம் வரவைத் தாமே பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பிறகு அதே சங்கதி வசனத்தில் வரும். அதற்கப்புறம் கட்டியக்காரன் அதைக் கேலியாக இன்னொரு தடவை சொல்லுவான். நடுவில் பாயில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தவனுக்கும் கதை விட்டுப் போகாது. இதைக் 'கூறியது கூறல்' என்று குற்றமாகச் சொல்லும் விமரிசகர் இரவு முழுவதும் உட்கார்ந்து பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். கர்ண மோட்சத்தில் கர்ணன் போர்க்களத்துக்குப் போகுமுன் பொன்னுருவியிடம் விடை கேட்கிறான். அவள் அவனுடைய பிறப்பைச் சொல்லி இடித்துப் பேசுகிறாள். அந்தத் தர்க்கம் நீண்டு நீண்டு போய், இருட்டு வெளுக்கிற வேளையில் அவன் சாகப் புறப்படும்போது, கூடவே விழித்திருந்தவர்களின் களைப்பும் அவனுடைய களைப்பும் ஒன்றாகிவிடுகின்றன. அரை மணி நேரத்தில் இதை உண்டாக்க எந்த மேதையாலும் முடியாது.

கோயில் நாகஸ்வரமும் அப்படியே. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்கிறார்களே, அது எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டியது? சுவாமி போக வேண்டிய தூரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம். திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரரும், பூந்தமல்லி வரதராஜப் பெருமாளும், திருவேற்காட்டுக் கருமாரியும் தாங்களே புறப்பட்டு ஜனங்களின் வாசலுக்குச் சங்கீதத்தை அழைத்து வருகிறார்கள். அங்கே வீடு திரும்பும் கவலையே யாருக்கும் இல்லை.

இப்படி இருக்க, மேற்குப் புறநகரில் 'கலை நிகழ்ச்சிகள் இல்லை' என்று எல்லோரும் சொல்கிறோம். பத்திரிகையில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம். ஆடி மாதம் முழுவதும் தெருவுக்குத் தெரு பாட்டும் பம்பையும் உடுக்கையும் முழங்குகிற ஊர்கள் அந்தப் பத்தியில் இடம் பிடிப்பது அபூர்வம். சபைக்காரர் அழைப்பு அனுப்புவார். அம்மன் கோயில் தர்மகர்த்தா அனுப்புவதில்லை. விமரிசகர் அழைப்பு வந்த இடத்துக்குப் போகிறார்.

இதனால் புறநகருக்குப் புகழ் நஷ்டம் என்பது சின்ன விஷயம். பெரிய நஷ்டம், அங்கே யாரும் குற்றம் சொல்வதில்லை என்பது. உற்சவத்தில் நாகஸ்வரக்காரர் மல்லாரியை அரை வட்டம் வாசித்துவிட்டுச் சினிமாப் பாட்டுக்குத் தாவினால், தட்டிக் கேட்க ஆள் இல்லை. உயர்வாக வாசித்தாலும் சொல்ல ஆள் இல்லை. ஒலிபெருக்கியை வானம் கிழிய வைத்து, பாடுகிறவளின் தொண்டையையும் கேட்கிறவர்களின் காதையும் ஒரே சமயத்தில் கெடுக்கிறார்கள். மயிலாப்பூரில் ஒரு ஸ்வரம் பிசகினால் மறுநாள் அச்சில் வந்துவிடுகிறது. விமரிசனம் படாத கலை, உரம் போடாத நிலம் மாதிரி.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். 1927-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது, அதை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடு நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி தோன்றியது. பிறகு 1955 ஜனவரியில் அதே காங்கிரஸ் ஆவடியில் கூடிற்று. பந்தல் போட்ட இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சத்தியமூர்த்தியோ நாடக மேடையில் வேஷம் கட்டி நடித்தவர். அவர் பெயர் கொண்ட நகரில் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பின்னால் ஆவடிக்கு டாங்கி தொழிற்சாலை வந்தது. அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, ஜனங்கள் வந்தார்கள். ஆனால் ஓர் அகாடமி வரவில்லை. உழைக்கிற ஊர் வேறு, ரசிக்கிற ஊர் வேறு என்று யாரும் தீர்மானம் போடவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூர் அதற்குள் வந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது. 2017-ல் யுனெஸ்கோ சென்னையைச் சங்கீதத்துக்கான படைப்பாக்க நகரம் என்று கௌரவித்தது. அந்தச் சங்கீதச் சென்னையின் எல்லை மாத்திரம் எந்தப் பாலத்தோடு முடிகிறது என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007-ல் 'சென்னை சங்கமம்' தொடங்கி, பூங்காக்களிலும் திடல்களிலும் கிராமக் கலைஞர்களை ஆட வைத்தார்கள். சில வருஷம் நின்றுபோய், 2023 பொங்கலில் மறுபடி ஆரம்பமாயிற்று. ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 2015-ல் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தினார்கள். கச்சேரி மீனவர் குப்பத்துக்குப் போனதும், விமரிசகர்களும் பின்னாலேயே போனார்கள்! போக மனம் இருந்தால் வழி இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. ஆனாலும் அந்தக் குப்பம் பெஸன்ட் நகரை ஒட்டியது, ஆவடி அல்ல. சங்கமத்தின் மேடையிலோ ஒரு குழு இறங்குவதற்குள் அடுத்த குழு ஏறக் காத்திருக்கும். கர்ணன் திரையை விலக்கித் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். விடியும் வரை வாழ வேண்டியவனுக்கு அது அகால மரணம்.

இப்போது யந்திரம் வந்துவிட்டதே, வீட்டில் இருந்தபடியே கைபேசியில் கச்சேரி கேட்கலாமே என்பார்கள். 2020-ல் தொற்று நோய்க்குப் பயந்து சபைகளே அப்படி நடத்தின. கேட்கலாம், தனி ஆவர்த்தனத்தையும் கடைசி வரை கேட்கலாம். ஆனால் கோர்வை வந்து சமத்தில் விழும்போது பக்கத்து நாற்காலிக்காரர் "பலே!" என்று சொல்ல, நம் தலையும் அவர் தலையும் ஒன்றாக அசைகிறதே, அது அந்தக் கண்ணாடிச் சில்லில் வராது. ஆவடிக்காரர் விரும்புவது அந்தச் சகவாசத்தைத்தான்.

என்ன செய்யலாம்? ஒரு மண்டபம் கட்டி, அதில் மயிலாப்பூர்க் கச்சேரியின் சிறிய பிரதி ஒன்றை நடத்துவது என் யோசனை அல்ல. பட்டணம் இழந்துவிட்ட ஒன்றைப் புறநகர் மீட்டுத் தரலாம். சனிக்கிழமை இரவு, மறுநாள் ஆலைச் சங்கு ஊதாத இரவு, ராச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு பெரிய வித்துவான் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடட்டும். கேட்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், நடந்து வீட்டுக்குப் போகலாம். அப்போது பார்க்கலாம், தனி ஆவர்த்தனத்தில் யார் எழுந்து போகிறார்கள் என்று! இன்னொரு சனிக்கிழமை கூத்து, முழு இரவுக் கூத்து. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதி குறுக்கே நிற்கும். நிற்கட்டும். தீவட்டி வெளிச்சத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஊரே கேட்கப் பாடிய தொண்டைகளிலிருந்து வந்த கலை அது. அந்தத் தொண்டைகளை மறுபடி பழக்குவதற்கு இந்த விதியைப் போல உதவி செய்யக்கூடியது வேறில்லை.

பூந்தமல்லியையும் கலங்கரை விளக்கத்தையும் இணைப்பதற்கு ஒரு மெட்ரோ பாதை திட்டமிட்டு வேலை நடத்துகிறார்கள். சுமார் 26 கிலோமீட்டர். மயிலாப்பூரில் அதற்குக் 'கச்சேரி சாலை' என்று ஒரு நிலையம். சங்கீதக் கச்சேரி என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பழைய சர்க்கார் கச்சேரியால் வந்த பெயர் அது. என்றாலும் அந்தப் பாதை முழுவதும் ஓடத் தொடங்கும் நாளில், மாலையில் பூந்தமல்லியிலிருந்து கச்சேரி சாலைக்கு ரயில் நிறைய ரசிகர்கள் வருவார்கள். அதே மாலை எதிர்த் திசையில் கிளம்பும் ரயிலில் சங்கீத விமரிசகர்களும் இரண்டொருவர் ஏறட்டும். திரும்பி வர ரயில் இருக்குமோ என்ற கவலை வேண்டாம். முதல் ரயில் புறப்படும் வரை கூத்து நடக்கும்.