தரைத்தளத்துக்கு 82 படி

ஜெர்மன் வாடகை விளம்பரங்களில் பொய் குறைவு. மூணு மாசமா ஸ்டுட்கார்ட்டில் வீடு தேடி அலைஞ்சவன் என்கிற முறையில் இதைச் சொல்றேன். சதுர மீட்டர், அறை எண்ணிக்கை, ஹீட்டர் செலவு சேராத வாடகை, சேர்ந்த வாடகை எல்லாம் சரியாகவே இருக்கும். என் புகார் வேறு. அந்த விளம்பரங்களில் மலை இல்லை.

ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி ஊர். சரிவுகளில் திராட்சை பயிரிட்ட காலத்துப் படிகள்தான் இன்றைய 'ஷ்டெஃபெலெ'. இப்படி 400க்கும் மேற்பட்ட படிக்கட்டுகள் ஊர் முழுக்க இருக்கு. மரியன்பிளாட்ஸ் பக்கமிருந்து டேகர்லோக் மேட்டுக்கு 1884 முதல் பல்சக்கர ரயில் ஏறுது. நான் வீடு தேடிய ஹெஸ்லாகில், மேலே இருக்கிற மயானத்துக்குப் போக 1929இல் ஒரு கேபிள் ரயில் போட்டாங்க. மரப்பெட்டிகளோடு இன்னும் ஓடுது. இறந்தவரைப் பார்க்கப் போறவங்களுக்குக்கூட ஊர் ஏற்றத்தை யோசிச்சிருக்கு. விளம்பரம் எழுதறவர் மட்டும் சமவெளியில் உட்கார்ந்து எழுதறார்.

ஒரு உதாரணம். "தரைத்தளம், ரயிலுக்கு 5 நிமிடம்." இந்த ஊர்க் கணக்கில் நடுத்தர வாடகை. போய்ப் பாத்தா, தெருக் கதவிலிருந்து வீட்டு வாசலுக்கு 82 படி. வீடு தரைத்தளம்தான், ஆனா அந்தத் தரை எங்கேயோ மேல இருக்கு. 5 நிமிடமும் உண்மைதான், இறங்கும்போது. ஏற எனக்கு 12 ஆச்சு, அதுவும் கையில் அரிசி மூட்டை இல்லாம.

இன்னொன்று 'தோட்டத் தள வீடு'. முன்பக்கம் புல்வெளி, நல்ல வெளிச்சம். பின்பக்கம் முழுக்க மலைக்குள் புதைஞ்சிருக்கு. குளியலறைச் சுவரைத் தொட்டேன், ஈரம். அடித்தளம் என்று எழுதியிருந்தா போயிருக்கவே மாட்டேன்.

2004ஆம் ஆண்டின் குடியிருப்புப் பரப்பளவு விதியைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. கூரை சரிஞ்சு உயரம் 2 மீட்டருக்குக் கீழே போனா அந்த இடத்தைப் பாதியாகத்தான் கணக்கிடணும். 1 மீட்டருக்கும் கீழே போனா கணக்கிலேயே சேராது. பால்கனி பொதுவாகக் கால் பங்கு. கூரைச் சரிவுக்கு இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற நாட்டில் வாசலுக்கு ஏறும் சரிவுக்கு எந்தக் கட்டமும் கிடையாது. ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கு தெரிஞ்சா மட்டும் 'பாதி உயரம்' என்று ஒரு தனி வார்த்தை வந்துடும், கூடவே வாடகையும் ஏறிடும். ஏறினால் கிடைக்கிற காட்சிக்கு விலை உண்டு, ஏறுவதற்குத் தள்ளுபடி இல்லை.

இதில் ஒரு காரணமும் இருக்கு. 2015 முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கூலி தரணும். வாடகைக்கு வர்றவனுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கலை. ஆனா விளம்பரத்துக்குக் காசு கொடுக்கிறவர் உரிமையாளர் ஆயிட்டார். எழுதறவர் யாருக்காக எழுதுவார்?

அந்த 82 படியில் பனி விழுந்தா யார் தள்ளறது என்று உரிமையாளரைக் கேட்டேன். "வாரமுறைதான், ஒப்பந்தத்தில் இருக்கே" என்றார், இது தெரியாதா என்கிற மாதிரி. கையெழுத்து போட்டபிறகு முழங்கால் மனசு மாறினாலும் 3 மாசம் முன்கூட்டியே நோட்டீஸ் தரணும். முன்பணமா 3 மாச வாடகை வேற.

கடைசியில் பள்ளத்திலேயே ஒரு வீடு எடுத்தேன். நாலாவது மாடி, 72 படி. "லிஃப்ட் இல்லை" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தாங்க.