அணுத்துகளின் ஆட்டமும் அம்பலவாணர் கூத்தும்

ஃபிரித்யோஃப் காப்ரா 1975-இல் வெளியிட்ட ‘இயற்பியலின் தாவோ’ என்னும் நூல், அணுத்துகள்களின் இடையறாத ஆக்க அழிவில் சிவபெருமானின் நடனத்தைக் கண்டது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918-இல் வெளியிட்ட ‘சிவ நடனம்’ இதற்குத் துணைநின்றது. 2004-இல் இந்திய அரசு ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திற்கு நடராஜர் திருவுருவை வழங்கியபோது, இவ்விருவர் கூற்றுகளும் அதனருகே பொறிக்கப்பட்டன. கடலூரையடுத்த குடிகாடு முதல் சிதம்பரம் வரை ஊழியம் செய்வோர்க்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. “எங்கள் சமயத்தை விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது” என்று படித்த இளைஞர் கூறுங்கால், போதகர் தரும் விடை யாது?

நூலின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். காப்ரா இயற்பியல் கற்றவர். எலெக்ட்ரான் ஓர் ஆய்வில் அலைபோலவும் மற்றோர் ஆய்வில் துகள்போலவும் தோன்றுவதையும், அதன் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே நுட்பமாக வரையறுக்கவியலாது என 1927-இல் ஹைசன்பர்க் நிறுவியதையும் தெளிவுற விளக்குகிறார்.

ஆயினும், குவாண்டம் இயலின் கணக்கு ஒன்று. அதற்குக் கூறப்படும் பொருளோ பல. நீல்ஸ் போரின் விளக்கம் ஒன்று. 1952-இல் டேவிட் போமும், 1957-இல் ஹியூ எவரெட்டும் தந்தவை வேறு. தொலைவிலுள்ள இரு துகள்கள் பிணைந்திருப்பதை ஆலன் ஆஸ்பே 1982-இல் ஆய்ந்து காட்டினார்; இத்துறை ஆய்வுகளுக்காக 2022-இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாய்வுகளும் இவ்விளக்கங்களுள் எது மெய் என்று தீர்ப்பளிக்கவில்லை. காப்ராவோ தமக்கு உவந்ததை இயற்பியலின் முடிவாகவே முன்வைக்கிறார். அவர் பெரிதும் சார்ந்திருந்த ஜெஃப்ரி சூவின் கொள்கையும், குவார்க் கொள்கை வலுப்பெற்றபின் பின்தள்ளப்பட்டது. சாரம் சாய்ந்தால் அதன்மேல் நின்ற சமயம் என்னாகும்?

சைவத்திற்கும் இந்நூல் முழு நியாயம் செய்யவில்லை. தில்லைக்கூத்து ஐந்தொழிலைக் குறிப்பது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். துகள்களின் ஆட்டத்தில் ஆக்கமும் அழிவும் உண்டு. அருளுக்கு இணையானது அங்கு எதுவுமில்லை. தூக்கிய திருவடியை நோக்கித் தொழுகின்ற அடியவர் தேடுவதோ அருளையே.

இக்குறை காப்ராவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இயற்பியலாளரும் குருவுமான வில்லியம் பொலார்டு, 1958-இல் எழுதிய நூலில், குவாண்டம் நிகழ்ச்சிகளின் நிச்சயமின்மையில் கடவுளின் செயலுக்கு இடங்கண்டார். நம் பிரசங்க மேடைகளிலும் ஹைசன்பர்க் சிலவேளை சாட்சியாக அழைக்கப்படுகிறார். ஆனால் 1944 மே 29-இல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் போன்ஹோஃபர் இதனை முன்னரே மறுத்திருந்தார். இயற்பியலாளர் வைட்ஸேக்கரின் நூலை வாசித்ததே அவரை அவ்வாறு எழுதத் தூண்டியது. நம் அறிவின் இடைவெளிகளை அடைக்கும் பொருளாகக் கடவுளைக் கொள்ளலாகாது; நாம் அறிந்தவற்றிலேயே அவரைக் காணவேண்டும் என்பது அவர் கருத்து.

எனவே போதகர் அவ்விளைஞருக்குப் போட்டிச் சான்று தேடவேண்டுவதில்லை. இயற்பியல் அவர் சமயத்தையும் மெய்ப்பிக்கவில்லை, நம் சமயத்தையும் மெய்ப்பிக்கவில்லை என்று நேர்மையுடன் கூறலாம். அதன்பின், அருள் என்று அவர் எதைக் கருதுகிறார் எனக் கேட்டு, நாம் கிறிஸ்துவில் கண்டதையும் எடுத்துரைக்கலாம். மெய்யான சமய உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது.