புலம்பெயர்ந்தோரா, புலம்பெயர்வா?

ஒரு நூலின் பெயரை மொழிபெயர்க்கும்போது எழும் ஐயம் சிலவேளை அந்நூலை விளங்கிக்கொள்வதற்கே வழியாகும். செக் நாட்டு நிழற்படக் கலைஞர் யோசெப் கூடெல்கா 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு ஆங்கிலத்தில் ‘எக்சைல்ஸ்’ என்றும் பிரெஞ்சில் ‘எக்சில்’ என்றும் பெயர். ஆங்கிலச் சொல் நாடிழந்த மாந்தரையுங் குறிக்கும். நாடிழந்து வாழும் நிலைகளையுங் குறிக்கும். பிரெஞ்சுச் சொல்லோ நிலையை மாத்திரமே குறிப்பது. நூலை எடுத்துப் பேசுவோருட் பலர் மாந்தரென்ற பொருளையே கொண்டு, அதிலுள்ள உருவங்களிலெல்லாம் அகதியின் துயரைத் தேடுகின்றனர். அங்ஙனம் தேடுவது நூலைப் பிழைபடப் படிப்பதாகும் என்பது எம் கருத்து.

கூடெல்கா 1938 இல் மொராவியாவிலே பிறந்தவர். வானூர்திப் பொறியியல் கற்று 1967 வரை அத்தொழிலைச் செய்தவர். அக்காலத்திலேயே கிழக்குச் சிலோவாக்கியாவின் உரோமா மக்களைப் படமெடுத்து வந்தார். 1968 ஓகஸ்ட் 21 இல் சோவியத்துத் தலைமையிலான படைகள் பிராக் நகருட் புகுந்தபோது, தெருக்களில் நின்று அவர் எடுத்த படங்கள் மறைவாக நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டன. அடுத்த ஆண்டு அவை வெளிவந்தபோது எடுத்தவர் பெயர் அவற்றில் இல்லை. றொபேட் கப்பா பொற்பதக்கமும் பெயரறியாச் செக் கலைஞர் ஒருவருக்கென்றே வழங்கப்பட்டது. ஊரிலிருந்த குடும்பத்தாருக்கு இடர் நேராதிருக்கவே இம்மறைப்பு. 1970 இல் அவர் நாட்டைவிட்டு நீங்கி இங்கிலாந்திலே தஞ்சம் புகுந்தார். அப்படங்கள் தம்முடையவை என்பதைத் தந்தையார் இறந்த பின்னரே, 1984 இல், உலகறியச் சொல்ல முடிந்தது. நாட்டை இழந்தவர் பலர். தாம் செய்த வேலையின்கீழ்த் தம் பெயரை இடும் உரிமையையும் பதினைந்தாண்டு இழந்திருந்தவர் சிலரே.

உரோமா மக்களைப் பற்றிய நூல் 1975 இல் வந்தது. அதிலே பலர் கமராவின் எதிரே நின்று நேராக நோக்குகின்றனர். சிற்றறைகளுள் எடுப்பதற்கென 25 மில்லிமீற்றர் அகலக்கோண வில்லையைக் கையாண்டமையால், சுவரும் தட்டுமுட்டுப் பொருள்களும் அவர்களோடு சேர்ந்தே படத்துள் வந்துவிடுகின்றன. பிந்திய நூலில் அந்த வீடு இல்லை. செய்தித்தாளொன்றை விரிப்பாக்கி அதன்மேல் வைத்த உணவின் படமே வீட்டு வாழ்க்கைக்கு ஓரளவு அண்மையில் வருவது. நிலையான இருப்பிடமின்றி, உறங்குபையோடு திரிந்து, கோடைதோறும் திருவிழாக்களையும் யாத்திரைகளையும் நாடிச்சென்ற ஒருவரின் உணவு அது. உண்பவர் படத்தில் இல்லை.

நூலின் திறவுகோலென யாம் கொள்வது 1972 இல் அயர்லாந்தில் எடுத்த படத்தை. குரோ பற்றிக் என்னும் மலையிலே மூவர் கைக்கோல் ஊன்றி முழந்தாளிட்டிருக்கின்றனர். பின்னே, மிகக் கீழே, விரிகுடா தெரிகிறது. யூலை மாதத்து இறுதி ஞாயிறுதோறும் கத்தோலிக்க அடியார் திரளாக ஏறும் மலை அது, வெறுங்காலோடு ஏறுவோருமுளர். இம்மூவரும் அகதிகள் அல்லர். தலைமுறை தலைமுறையாக அடியார் முழந்தாளிட்ட பாறையிலே, தமக்குப் பழகிய வழிபாட்டைச் செய்கின்றனர். ஒருவன் ஓரிடத்துக்கு உரியவனாயிருத்தல் இதனினும் முழுமையாக ஒரு படத்தில் அமைவது அரிது. அவ்வாறிருந்தும் படம் நம்மை வருத்துகிறது. கமரா அவர்களுக்கு அணித்தாகவே நிற்கிறது, ஆயினும் முழந்தாளிடவில்லை. அங்கே புறத்தான் ஒருவனே. அவன் படத்தினுள் இல்லை, படமெடுக்கும் இடத்தில் இருக்கிறான். நூற்பெயரை நிலையின் பெயராகக் கொண்டாலன்றி இது விளங்காது.

நம் அகத்திணை மரபிலே பிரிவுக்குரிய பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையால் இயல்பு கெட்ட நிலையே பாலை என விளக்கினார் இளங்கோவடிகள். அயர்லாந்தும் இசுப்பெயினும் இத்தாலியும் அங்கங்கு வாழ்வோர்க்கு முல்லையாகவும் குறிஞ்சியாகவும் இருந்தபடியே இருக்க, கூடெல்காவின் கண்ணுக்கு மட்டும் பாலையாகின்றன. வேறுபாடு ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்திலே நிலத்தைத் திரிப்பது ஞாயிறு. இங்கே திரிப்பது பார்வை.

இதிலேயே நூலின் குறையும் இருக்கிறது. படங்களுக்கு நாட்டின் பெயரும் ஆண்டுமே குறிப்பாகத் தரப்பட்டுள்ளன; மலையின் பெயரில்லை, விழாவின் பெயரில்லை. படங்களை ஒரே நிலையின் பல தோற்றங்களாகக் காட்டுதற்கு இச்சுருக்கம் உதவுகிறது என்பது மெய்யே. ஆயின் மலையேறிய மூவரும் தம் மலையை இழந்துவிடுகின்றனர். தாமும் நாடிழந்தவரான போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிலோஸ் நூலுக்குக் கட்டுரை எழுதியிருப்பதால், வாசகர் அம்மூவரையும் அகதிகளென மயங்குதல் மேலும் எளிதாயிற்று. பெயரில்லாமையின் வலியைத் தம் படங்களிலேயே அறிந்த ஒருவர், பிறருடைய இடத்தின் பெயரை இத்துணை எளிதில் விட்டுவிட்டது எமக்கு உடன்பாடன்று.

பாரிசை அடுத்த சோ பூங்காவின் பனியிலே கரிய நாயொன்று நிற்கும் படம் 1987 இல் எடுத்தது. இதனைத் தனிமைத் துயரின் குறியீடென்று கூறிவிடுதல் வழக்கமாகிவிட்டது. கூடெல்கா பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றதும் அவ்வாண்டிலேயே என்பதை அவ்வாறு கூறுவோர் எண்ணுவதில்லை. அந்நாய் வழிமறிக்கிறதா, வழியே போகிறதா என்பதைப் படம் சொல்லவில்லை. படத்தின் வலிமையும் அச்சொல்லாமையிலேயே உள்ளது.

1990 இல், இருபதாண்டின்பின், அவர் தாய்நாட்டுக்கு மீண்டார். அங்கே அவர் பெருமுயற்சியோடு எடுத்த படங்கள் உறவினரையோ பழைய தெருக்களையோ பற்றியன அல்ல. வட பொகீமியாவிலே பழுப்பு நிலக்கரிக்காக அகழ்ந்து பாழாக்கிய நிலத்தை அகன்ற படச்சட்டத்துள் எடுத்து, ‘கரிய முக்கோணம்’ எனும் பொருள்படும் பெயரில் 1994 இல் வெளியிட்டார். அந்நிலத்தைப் பாலையாக்கியது அவர் பார்வையன்று. அங்கே ஊர்களே அகழப்பட்டிருந்தன.